உங்கள் டீமுக்கு அடுத்த குவாட்டர்பேக்கைத் தேடுவது எப்படி? ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் போதும்

2023 ஏப்ரலில், அமெரிக்க ஃபுட்பால் பார்க்கும் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு பந்தயம். அந்த வருட என்எஃப்எல் (தொழில்முறை லீக்) டிராஃப்டுக்கு, அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு, வரும் குவாட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்களை) ஆளுக்கொரு வரிசையாக எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து யாருடைய வரிசை ரொம்பத் தப்பாக இருக்கிறதோ, அவர் செலவில் எல்லோருக்கும் பிரியாணி. நான் ஆண்டனி ரிச்சர்ட்சனை முதலாவதாகவும் சி.ஜே. ஸ்ட்ரவுடை மூன்றாவதாகவும் எழுதினேன். ஸ்ட்ரவுட் முதல் வருடமே சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதை வாங்கிவிட்டார். ரிச்சர்ட்சன் 2024ல் எறிந்த பாஸ்களில் கைக்குப் போய்ச் சேர்ந்தது 47.7 சதவீதம். பிரியாணி யார் வாங்கிக்கொடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஏன் ஏமாந்தேன்? நான் குடியிருக்கும் இண்டியானாபொலிஸில்தான் ஒவ்வொரு வருடமும் கம்பைன் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை) நடக்கிறது. லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் 244 பவுண்டு எடையுள்ள ஒருவர் 40 யார்டை 4.43 விநாடியில் ஓடுகிறார், நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்புகிறார். பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எங்கள் கோல்ட்ஸ் டீமுக்கும் வந்தது, நான்காவது ஆளாக எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் இரண்டு சீசன் உட்கார்ந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டவுன் (10 யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒன்று), ஸ்னாப் (பந்து குவாட்டர்பேக் கைக்குப் போய் ஆட்டம் தொடங்கும் கணம்), பாக்கெட் (அவர் நின்று எறியும் காப்பு வளையம்) இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாவிட்டால் நாலு மேட்ச் பார்த்துவிட்டு வாருங்கள், தானாகப் புரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

80 பக்க நோட்டு ஒன்று, பேனா, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். புள்ளிவிவரத்துக்கு புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம், காசு கொடுக்கத் தேவையில்லை. ஆட்டக்காரர்களுக்கு மார்க் போட்டுத்தரும் கட்டணத் தளங்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள். அடுத்தவர் போட்ட மார்க்கைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தால், கண்ணுக்கு அந்த மார்க்தான் தெரியும். கூகுள் ஷீட்ஸ் எல்லாம் கடைசியில் கூட்டிக் கழிக்கத்தான். ஹைலைட்ஸ் வீடியோ கூடவே கூடாது. அதில் எல்லோருமே நட்சத்திர குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ்தான்.

படி 1: முதலில் உங்கள் டீமைப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. கோல்ட்ஸ் 2012ல் முதல் ஆளாக ஆண்ட்ரூ லக்கை எடுத்தார்கள். தேர்வில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முதல் சீசனிலேயே அவர் 41 முறை சாக் ஆனார் (பந்தை எறிவதற்குள் எதிரணி பிடித்து வீழ்த்துவதுதான் சாக்). அப்புறம் விலா, சிறுநீரகம், தோள் என்று அடிமேல் அடி. 2017 முழுக்க ஆடவே இல்லை. 2018ல்தான் க்வென்டன் நெல்சனை ஆறாவது ஆளாக எடுத்து முன்வரிசையை (குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேரை) சரிசெய்தார்கள். அந்த வருடம் லக் 18 முறைதான் சாக் ஆனார், 39 டச்டவுன் எறிந்தார். ஆனால் உடம்பு அதற்குள் ஓய்ந்துவிட்டது. 2019 ஆகஸ்டில், 29 வயதில், ஓய்வு பெறுகிறேன் என்றார். செய்தி கசிந்தது ஒரு பயிற்சி ஆட்டத்தின் நடுவில். மைதானத்தை விட்டுப் போகும்போது எங்கள் ஊர்க்காரர்களே கூச்சல் போட்டு அனுப்பினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கியவர்கள்: 2019ல் பிரிசெட், 2020ல் ரிவர்ஸ், 2021ல் வென்ட்ஸ், 2022ல் மாட் ரயன், 2023ல் ரிச்சர்ட்சன். ஐந்து வருடம், ஐந்து பேர்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். முன்வரிசை தாங்குமா? பந்தைப் பிடிக்க ஆள் இருக்கிறதா? பயிற்சியாளர் இன்னும் இரண்டு வருடமாவது இருப்பாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், இந்த வருடம் முன்வரிசைக்கு ஆள் எடுங்கள்.

படி 2: எந்த வழியில்?

டிராஃப்ட், அல்லது வேறு டீம் கைவிட்ட அனுபவசாலி. இந்த இரண்டாவது வழியை நான் முன்பு மட்டமாக நினைத்தேன். ஜெட்ஸ் டீம் 2018ல் மூன்றாவது ஆளாக எடுத்த சாம் டார்னல்ட் அங்கே சரிப்படவில்லை, அடுத்துப் போன பேந்தர்ஸிலும் சரிப்படவில்லை. 49ர்ஸில் ஒரு வருடம் மாற்று ஆளாக உட்கார்ந்தார். அப்புறம் 2024ல் வைக்கிங்ஸ் டீமில் 14 வெற்றி, 3 தோல்வி. ஆள் அதேதான், மாறியது சுற்றியிருந்தவர்கள். படி 1 ஏன் முதல் படி என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 3: பட்டியலைச் சுருக்குங்கள்

கல்லூரியில் எத்தனை ஆட்டம் முதல் ஆளாக இறங்கினார் என்று பாருங்கள். எதிர்பார்த்த அளவு தேறாதவர்கள் ட்ருபிஸ்கி 13, ரிச்சர்ட்சன் 13, ட்ரே லான்ஸ் 17. இந்தப் பக்கம் வந்ததுமே நன்றாக ஆடிய ஜேடன் டேனியல்ஸ் 55, போ நிக்ஸ் 61. விதிவிலக்கு உண்டு. ஆபர்னில் 14 ஆட்டம் மட்டுமே இறங்கிய கேம் நியூட்டன் 2015ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். ஆனால் நம் பட்டியலில் இருப்பவர் நியூட்டன்தான் என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? 25க்குக் கீழே இருந்தால் நான் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன், அவ்வளவுதான். அடிப்பதில்லை.

உயரம், கை அளவு எல்லாம் எனக்கு வேண்டாத வேலை. ஜோ பர்ரோவின் உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று 2020ல் ஒரு வாரம் பேசினார்கள். இரண்டாவது சீசனிலேயே அவர் பெங்கால்ஸை சூப்பர் போலுக்கு (லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு) கொண்டுபோனார்.

படி 4: நெருக்கடியில் என்ன செய்கிறார்? (நான் விழுந்த இடம்)

இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ஒருவருக்கு நாலு ஆட்டம், முழுசாக. அதில் குறைந்தது இரண்டு தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். பலவீனமான டீமை 50 புள்ளி வித்தியாசத்தில் அடித்த ஆட்டம் எதற்கும் உதவாது.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, ஸ்னாப்பிலிருந்து எத்தனை விநாடி, நெருக்கடி உண்டா, கடைசியில் என்ன நடந்தது. கடைசிக் கட்டத்துக்கு ஓர் எழுத்து போதும். எறிந்தார் என்றால் எ, ஓடினார் என்றால் ஓ, பந்தை வெளியே தள்ளிவிட்டார் என்றால் வெ, சாக் என்றால் சா.

முதல் வருடம் நான் செய்த தப்பு, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா பந்தோடு போகும், நம் கண்ணும் கூடவே போய்விடும். பந்து கையை விட்டுப் போவதற்கு முன் நடந்ததுதான் நமக்கு வேண்டும். அதனால் ஒவ்வொரு பாஸையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை முன்வரிசை ஐந்து பேரை மட்டும். இரண்டாவது முறை குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டை மட்டும்.

ஹெல்மெட்டில் என்ன தெரியும்? முன்கம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். மூன்றாவது டவுன், 8 யார்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். இடது டாக்கிள் (முன்வரிசையின் இடது ஓரக்காரர்) தோற்றுவிட்டார், பாய்ந்து வருபவர் இரண்டு எட்டு தூரத்தில். நல்ல குவாட்டர்பேக்கின் கம்பி பந்தைப் பிடிக்கத் தூரத்தில் ஓடும் ரிசீவர்கள் பக்கமே இருக்கும். கால் மட்டும் ஓர் அடி முன்னே நகரும், தோள் திரும்பும், பந்து போய்விடும். தடுமாறுபவரின் கம்பி சட்டென்று கீழே இறங்கி, வருகிறவனைப் பார்க்கும். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு ரிசீவர் யாரும் கண்ணில் இல்லை. இப்படி இறங்கும் ஒவ்வொரு முறையும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாலு ஆட்டம் முடியும்போது அந்தப் புள்ளிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்தது ஸ்டாப்வாட்ச். சாக் என்றாலே முன்வரிசையின் குற்றம் என்றுதான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். விநாடி எண்ணத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. இரண்டரை விநாடிக்குள் ஆள் வந்து விழுந்தால் அது முன்வரிசையின் கணக்கு. மூன்றரை விநாடி பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கினால் அது இவர் கணக்கு. நடுவில் இருப்பதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் கொஞ்சம் தாமதமாகத்தான் அழுத்தும். பரவாயில்லை, எல்லோருக்கும் அதே கட்டைவிரல்தானே.

படி 5: சாக் விகிதம்

கணக்கு சுலபம். சாக் எண்ணிக்கையை, எறிந்த பாஸ்களும் சாக்கும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 2024ல் கேலப் வில்லியம்ஸ் 562 பாஸ், 68 சாக். 68ஐ 630ஆல் வகுத்தால் 10.8 சதவீதம். அதே வருடம் ஜாஷ் ஆலன் 483 பாஸ், 14 சாக். 2.8 சதவீதம். ஆலனின் பஃபலோ டீமின் முன்வரிசை நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் முழுவதும் முன்வரிசையால் வராது.

கல்லூரிக் கணக்கில் ஒரு குழி இருக்கிறது, கவனம். கல்லூரி ஃபுட்பாலில் சாக்கில் போகும் யார்டை குவாட்டர்பேக் ஓடிய யார்டிலிருந்து கழித்துவிடுவார்கள். என்எஃப்எல்லில் அப்படிக் கிடையாது, அது டீமின் பாஸிங் கணக்கில் கழியும். இது தெரியாமல் ஒரு பையனை 'ஓட வராது' என்று அடித்துவிட்டு, பிறகு ஆட்டத்தைப் பார்த்தால் மான் மாதிரி ஓடுகிறார்! உதாரணமாக, ஒருவர் 60 முறை ஓடி 300 யார்டு எடுத்து, 25 சாக்கில் 170 யார்டு இழந்தால், அட்டவணையில் 85 ஓட்டம், 130 யார்டு என்று இருக்கும். ஓட்டத்துக்கு 5 யார்டு எடுப்பவர் ஒன்றரை யார்டுக்காரர் ஆகிவிடுவார். அட்டவணையை நம்பாமல், நோட்டில் 'ஓ' போட்டவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

படி 6: என்ன விலை?

2010ல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த வருடமே விதி மாறியது. 2011ல் முதல் ஆளான நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடிதான். புதுமுகம் மலிவானது அப்போதிலிருந்துதான். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு ஆள் பிடிக்கலாம். டாக் பிரெஸ்காட் 2024ல் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்கு 6 கோடி டாலர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மலிவு சம்பளத்தில்தான், டிராஃப்டில் முன்னே தாவ விலை எக்கச்சக்கம். 2017ல் சீஃப்ஸ் 27ஆம் இடத்திலிருந்து 10க்குத் தாவி மஹோம்ஸை எடுத்தார்கள், மூன்று சூப்பர் போல் கிடைத்தது. 2021ல் 49ர்ஸ் 12லிருந்து 3க்குத் தாவ, அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தார்கள். நாலே ஆட்டம் முதல் ஆளாக இறங்கினார், பிறகு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக டாலஸுக்குப் போய்விட்டார். இதற்கிடையில் அதே டீம் 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில், ப்ராக் பர்டியை எடுத்து அவரோடு சூப்பர் போல் வரை போனது.

படி 7: எப்போது இறக்குவது?

பேக்கர்ஸ் ஆரன் ராட்ஜர்ஸை மூன்று வருடம் உட்கார வைத்தார்கள், ஜோர்டன் லவ்வையும் மூன்று வருடம். எனக்குப் பிடித்த முறை. ஆனால் ரசிகர்களுக்கும் முதலாளிக்கும் அவ்வளவு பொறுமை எல்லா ஊரிலும் இருக்காது. படி 1க்கு என்ன பதில் எழுதினீர்களோ அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

சேர்த்தது 1: 'அப்படியானால் ஆலன் உங்கள் முறையில் தேறியிருப்பாரா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தேறியிருக்க மாட்டார். முதல் வருடம் அவர் பாஸ்களில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. 2020ல் 69.2. நடுவில் முன்வரிசை மாறியது, நல்ல ரிசீவராக ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார், எறியும் முறையையும் ஆலன் திருத்திக்கொண்டார். என் முறை அவரைப் போன்ற ஒருவரைத் தவறவிடும். அதற்கு மாற்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

சேர்த்தது 2: மாற்று ஆளைப் பற்றி எழுதவே இல்லையே என்று இன்னொருவர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் எங்கள் ஊரிலேயே நடந்துவிட்டது. 2025ல் எங்கள் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், டிசம்பரில் குதிகால் தசைநாண் அறுந்தது. கோல்ட்ஸ் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? 2020 சீசனோடு ஓய்வு பெற்றுப் போன பிலிப் ரிவர்ஸை, 44 வயதில். வந்தார், இறங்கினார்! ஆகவே பட்டியலின் கடைசிப் பெயரையும் அடிக்காமல் வையுங்கள். இரண்டாவது ஆளுக்கும் இரண்டு ஆட்டமாவது கட்டம் போட்டுப் பாருங்கள்.

இந்த வருடம் என் பட்டியலில் ஆறு பேர். நாலு பேருக்கு முடித்துவிட்டேன். ஒருவருக்குப் புள்ளி வைத்தே பேனா மை தீர்ந்துவிட்டது, ஆனால் டிவியில் எல்லோரும் அவரைத்தான் முதல் மூன்றுக்குள் சொல்கிறார்கள். வாட்ஸப் குழுவில் மறுபடி பந்தயம் கட்டியாகிவிட்டது. இம்முறை மட்டன்.