ரீமேப்புக்கு காரை விடுவதற்கு முன்

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் மாதிரி டர்போ காரில் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது), டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக்குழாய்) எல்லாம் மாற்றிவிட்டு, கம்பெனி ஈசியூவையே (இன்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்வதாக, அதாவது அதற்குள் பெட்ரோல், பொறி நேரம், பூஸ்ட் அளவுகள் இருக்கும் மேப்பை மாற்றி எழுதுவதாக இருந்தால், மாட்ட வேண்டியதை எல்லாம் முதலில் மாட்டி முடியுங்கள். குறிப்பாக இன்டேக். ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் கூடினால் அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும்; சென்சார் அதைக் குறைவாகக் காட்டும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், முழு பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, தொடங்கும். பிஸ்டன் இப்படி உடையலாம்.

ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள் புகை செலுத்திப் பார்ப்பது) செய்து லீக் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி மேப்பும் கம்பெனி இன்டேக்கும் இருக்கும்போதே ஃப்யூயல் டிரிம் (ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டினால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, மேப்பில் இல்லை. பிளக் புதிதாக, இடைவெளி 0.7 மி.மீ. அளவில் இருக்கட்டும், அகலமாக இருந்தால் பூஸ்டில் பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும். தினமும் போடும் அதே ஆக்டேன் பெட்ரோலோடு போங்கள்.

புதிய மேப்பை ஈசியூவில் ஏற்றும்போது (ஃபிளாஷ்) பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், ஏசி, லைட் எல்லாம் ஆஃப். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துப்போகலாம். பழைய மேப் ஃபைலின் காப்பியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்றாம் கியரில், முழு த்ராட்டிலில் லாக் (சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்க வேண்டும், டைனோவில்தான் (சக்கரத்தை உருளையில் ஓட்டி அளக்கும் மெஷின்), ரோட்டில் வேண்டாம். தனி வைட்பேண்டில் (புகையை வைத்துக் கலவையை அளக்கும் சென்சார்) காற்று-எரிபொருள் விகிதம் 11-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நாக் கரெக்‌ஷன் (நாக்கிங் தெரிந்தால் ஈசியூ டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளுவது) ஒரே ஆர்பிஎம்மில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தில் டைமிங்கையோ பூஸ்டையோ இறக்கச் சொல்லுங்கள்.