ராஸ்பெரி பையில் ஒரு மழைமானி செய்வோம்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வாங்கிவிட்டு "அண்ணே, இதை வெச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்கும் தம்பிகள் இப்போது அதிகம். யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. விளம்பரத் தடுப்பான் செய்யலாம், பழைய வீடியோ கேம் ஓட்டலாம், இணைய வானொலி ஆக்கலாம். எல்லாம் நல்லவைதான். ஆனால் முதல் வேலைக்கு நான் மழைமானியைத்தான் சொல்வேன். திரையில் வரும் எண் சரியா தப்பா என்பதை ஜன்னலைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆரம்பத்தில் இருப்பவருக்கு அது பெரிய துணை.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அப்பா முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவியவர். பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. சீவி முடித்தபின் மழை பிடித்துக்கொண்டால், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) சேர வேண்டிய பால் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அன்றைய சம்பளமும் அதோடு போகும். தோட்டத்து ஆப்பீஸ் வாசலில் மழைமானி ஒன்று இருந்ததாம். காலையில் கிராணி (ஆப்பீஸ் எழுத்தர்) அதிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து புத்தகத்தில் எழுதுவாராம். இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை. ஆனாலும் அப்பா காலையில் எழுந்ததும் "ராத்திரி எவ்வளவு பேஞ்சிருக்கும்?" என்று கேட்பதை விடவில்லை. அவருக்குப் பதில் சொல்லத்தான் இதைச் செய்தேன்.

வாங்க வேண்டியவை

நான் பயன்படுத்துவது ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ. 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்த பலகை இது. நினைவகம் 512 எம்பி மட்டும்தான், இந்த வேலைக்கு அது தாராளம். கால்கள் (கம்பி மாட்டும் உலோக ஊசிகள்) ஏற்கெனவே பற்றவைத்து வருவதையே வாங்குங்கள். சில வெள்ளி மிச்சம் பிடிக்க நினைத்து, 40 கால்களையும் முதல் நாளே பற்றவைக்கும் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

மழைமானிக்கு, வானிலைக் கருவிகளுக்கு மாற்று உதிரியாக விற்கும் சாய்கலன் வகையைத் தேடுங்கள். உள்ளே சீசா போல இரண்டு சின்னக் கலன்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், அடுத்தது மேலே வரும். சாயும்போதெல்லாம் ஒரு காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச்) தாண்டிப் போகும். ஒரு சாய்வுக்கு 0.2794 மி.மீ. மழை என்பது பரவலாக விற்கும் வகையின் கணக்கு.

மெமரி கார்டும் சார்ஜரும் மட்டும் மலிவாக வேண்டாம். மற்றதில் சிக்கனம் பார்க்கலாம்.

இயங்குதளம்

ராஸ்பெரி பையின் இமேஜர் செயலியில் "லைட்" பதிப்பை (டெஸ்க்டாப் திரை இல்லாதது) தேர்ந்தெடுத்து, கார்டில் எழுதும் முன்பே பயனர் பெயர், வைஃபை, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பலகைக்குள் நுழையும் வழி) மூன்றையும் அமைத்துவிடுங்கள். திரையோ விசைப்பலகையோ தேவைப்படாது.

(பின்சேர்க்கை: பீடோரிலிருந்து ஒரு அக்கா, எல்லாம் சரியாகச் செய்தும் பலகை வைஃபையில் சேரவே இல்லை என்று எழுதியிருந்தார். இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அவர் கொடுத்திருந்தது ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர். மாற்றியதும் வந்துவிட்டது.)

கம்பி இணைப்பு

மழைமானியிலிருந்து வரும் கம்பியின் முனையில் தொலைபேசிச் செருகி போல ஒன்று இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் கம்பிகளைச் சீவிக்கொள்ளுங்கள். ரீட் சுவிட்சுக்கு நேர், எதிர் கிடையாது. ஒன்று ஜிபிஐஓ 6-க்கு (ஜிபிஐஓ என்பவை நிரலால் படிக்கக்கூடிய கால்கள்), மற்றது கிரவுண்டுக்கு (சுழிய வோல்ட் கால்).

இங்கே கவனம். ஜிபிஐஓ 6 என்பது ஆறாவது கால் அல்ல, 31ஆவது கால். வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் வரும் ஆறாவது கால் கிரவுண்டுதான். நான் அதில் மாட்டிவிட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க நிரலில் குற்றம் தேடினேன். இரண்டு கம்பியும் கிரவுண்டில் இருந்தால் கலன் ஆயிரம் முறை சாய்ந்தாலும் பலகைக்குத் தெரியாது. ஒன்றை 31-இல், ஒன்றை 30-இல் மாட்டுங்கள். 30 கிரவுண்டு. 2, 4 ஆகிய கால்களில் 5 வோல்ட் இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம், ஜிபிஐஓ கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

நிரல்

பைத்தான் நிரல்மொழியில் ஜிபிஐஓ ஜீரோ நூலகம் (தயாராக இருக்கும் நிரல் தொகுப்பு) போதும். ஆறாம் எண்ணை ஒரு பட்டனாக அறிவித்து, அது அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தமே பதினைந்து வரிகூட வராது. கூட்டிக் கழிக்கும் வேலையை இங்கே வைக்காதீர்கள். சாய்ந்த நேரம் மட்டும் பத்திரமாக இருந்தால் மணிக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்பதைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பலகை எழுந்ததும் நிரல் தானாக ஓட, சிஸ்டம்டி (நிரல்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் பகுதி) சேவையாக அமைத்துவிடுங்கள். கிரான்டேப் என்ற நேர அட்டவணையும் ஓட்டும், ஆனால் நிரல் நடுவில் விழுந்தால் தூக்கி நிறுத்தாது. எனக்கு சிஸ்டம்டிதான் பிடிக்கும்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

எத்தனையோ விளக்கங்களில் இந்தப் படியே இல்லை. ஆனால் மழைமானியை மழைமானி ஆக்குவது இதுதான்.

புனலின் வாயை அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 11 சென்டிமீட்டருக்கு 5, அதாவது 55 சதுர சென்டிமீட்டர். அந்தப் பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 5.5 மில்லி தண்ணீர். 100 மில்லி ஊற்றினால் 18.18 மி.மீ. மழைக்குச் சமம். ஒரு சாய்வுக்கு 0.2794 வீதம் 65 சாய்வு வர வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக்குழாயால் 100 மில்லி அளந்து, அடியில் குண்டூசித் துளை போட்ட பாட்டிலில் நிரப்பிச் சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கலன் சாயும் அந்த நொடியில் தண்ணீர் கணக்கில்லாமல் ஓடிவிடும்.

எனக்கு வந்தது 151.

இரண்டு மடங்குக்கும் மேல். கோப்பைத் திறந்து, நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை எழுதும்படி மாற்றிப் பார்த்தேன். ஒரே சாய்வுக்கு மூன்று வரிகள் இருந்தன. 11.402, 11.403, 11.409. ரீட் சுவிட்சுக்குள் இருப்பவை இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் வந்ததும் அவை ஒட்டிக்கொண்டு அமைதியாக நிற்பதில்லை. வீட்டுக் கம்பிக் கதவை வேகமாகச் சாத்தினால் டகடகவென்று அதிர்ந்து அடங்குமே, அதே கதைதான். நம் கண்ணுக்கு ஒரு சாய்வு, பலகைக்கு மூன்று.

தீர்வு எளிது. முந்தைய சாய்வுக்கும் இதற்கும் இடையே 0.3 நொடி ஆகவில்லை என்றால் எழுதாதே என்று நிரலில் ஒரு நிபந்தனை போடுங்கள். பெருமழையில் உண்மையான சாய்வு விட்டுப்போகாதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் ஐந்து நொடிக்கு ஒரு சாய்வுதான். வடிகால் நீர்ப்பாசனத் துறை மணிக்கு 60 மி.மீ.க்கு மேல் போனாலே மிகக் கனமழை என்கிறது. 0.3 நொடியால் ஒன்றும் குறையாது.

அதன்பிறகு 62 வந்தது. கலனுக்கு அடியில் திருகுகள் உண்டு, திருகிச் சரிசெய்யலாம். நான் திருகைத் தொடவில்லை. 18.18-ஐ 62-ஆல் வகுத்து, 0.2794-க்குப் பதில் 0.293 என்று நிரலில் மாற்றிக்கொண்டேன். மூன்று முறை ஊற்றிச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

மழையில்லாத நாளில் மழை

சரி, முடிந்தது என்று நினைத்து, தினமும் காலையில் ஒரு தாளில் எண்ணை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வந்தேன். நான்காம் நாள் அப்பா தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, நேத்து சாயங்காலம் ஒரு சொட்டு விழல. நீ 3 மில்லிமீட்டர்னு போட்டிருக்கியே?"

கோப்பைப் பார்த்தால், பொய்ச் சாய்வுகள் எல்லாம் மாலை ஏழு மணியை ஒட்டி. அம்மா சாமி மேடைப் பக்கத்துக் குழல் விளக்கைப் போடும் நேரம். பலகையிலிருந்து வெளியே கூரை ஓரத்துக்குப் போகும் ஆறு மீட்டர் கம்பி அந்த விளக்கின் கம்பியோடு ஒட்டியே போகிறது. விளக்கு எரியத் துடிக்கும்போது எழும் மின்னதிர்வை இந்தக் கம்பி பிடித்துக்கொள்கிறது. சுவிட்ச் திறந்திருக்கும்போது ஜிபிஐஓ காலை 3.3 வோல்ட்டில் பிடித்து வைப்பது பலகைக்குள்ளேயே இருக்கும் மேலிழு மின்தடை. அது சுமார் 50 கிலோ ஓம், இவ்வளவு நீளக் கம்பியை அதனால் உறுதியாகப் பிடித்து வைக்க முடியாது.

மூன்று மாற்றம் செய்தேன். கம்பியை விளக்கிலிருந்து தள்ளி வேறு சுவர் வழியாகக் கொண்டுபோனேன். சாதாரணக் கம்பிக்குப் பதில் பழைய லேன் கேபிளில் முறுக்கிய ஒரு ஜோடியைப் பயன்படுத்தினேன். ஜிபிஐஓ 6-க்கும் 3.3 வோல்ட் காலுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தேன். விலை சில சென்தான். அன்றிலிருந்து பொய் மழை இல்லை. நீளக் கம்பி போடுபவர்கள் இந்த மின்தடையை முதலிலேயே வைத்துவிடுங்கள். நம் ஊர் இடி மின்னல் உங்களுக்குத் தெரியும், கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வானம் இருட்டிக்கொண்டு பக்கத்திலேயே இடித்தால் நான் பலகையைக் கழற்றிவிடுவேன். ஒரு மழையின் கணக்கு போனால் போகட்டும்.

பின்சேர்க்கை: கரண்டு போய் வந்த பிறகு

கரண்டு போய் வந்தபின் பதிவான நேரங்கள் எல்லாம் பின்னுக்குப் போயிருப்பதாக இருவர் கேட்டிருந்தார்கள். இந்தப் பலகையில் கடிகார மின்கலம் கிடையாது. இணையம் கிடைக்கும்வரை, கடைசியாகத் தெரிந்த நேரத்திலிருந்துதான் எண்ணிக்கொண்டிருக்கும். கரண்டு போனால் ரௌட்டரும் போகும் என்பதால் நேரம் திரும்புவதற்குள் நல்ல மழை ஒன்று தப்பான மணியில் பதிவாகிவிடும். டிஎஸ்3231 கடிகாரத் தொகுதி ஒன்றை மாட்டுங்கள். அதை 5 வோல்ட்டில் இணைக்காமல் முதலாம் காலின் 3.3 வோல்ட்டில் இணையுங்கள். சில தொகுதிகளில் மின்கலத்தை மின்னேற்றும் சுற்று இருக்கிறது, சாதாரண வில்லை மின்கலம் மின்னேற்றத்துக்கு உரியதல்ல.

இன்னொன்று, எறும்பு

அக்டோபரில் நல்ல மழைக்காலத்தில், இரண்டு நாள் கொட்டிய மழைக்கு வெறும் சுழியம். மூடியைத் திறந்தால் புனல் துளையில் ரம்புத்தான் இலைத் துணுக்கு, அதன் கீழே கலன் அச்சில் எறும்புக் கூடு. கலன் அசையவே இல்லை. புனலில் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, கம்பத்தைச் சுற்றி கிரீஸ் தடவினேன். இப்போது ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து, விரலால் கலனை ஒரு முறை சாய்த்து, டக் என்று கேட்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை. அந்த ஒரு சாய்வைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லி உடனே என்னிடம் வந்து நேரத்தையும் சொல்லிவிடுவார்.