பெரியவர்களுக்குப் படுக்கையில் சிறுநீர்: மாத்திரையும் தலைமாட்டுச் செம்பும்

வயது வந்தவர் தூக்கத்தில் சிறுநீர் போனால், மருந்துக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சோடியம் (இரத்த உப்பு), சிறுநீர் போன பிறகும் சிறுநீர்ப்பையில் மீதி நிற்கிறதா என்று ஒரு ஸ்கேன். நன்றாக இருந்தவருக்குத் திடீரெனத் தொடங்கியிருந்தால் இவை கட்டாயம். சர்க்கரை நோய், புராஸ்டேட், குறட்டையோடு மூச்சடைப்பு, மலச்சிக்கல், தூக்கமாத்திரை என எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

மூன்று நாள் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து மி.லி. எழுதி வையுங்கள். விடிந்ததும் போகும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கில் சேரும். இரவில் அளவு நிறைய வந்தால் டெஸ்மோபிரசின் மாத்திரை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமாக வந்தால் பையைத் தளர்த்தும் சோலிஃபெனசின் அல்லது மிராபெக்ரான்.

டெஸ்மோபிரசின் பெரும்பாலும் படுக்கும் முன் 0.2 மி.கி. போதாவிட்டால் மருத்துவர் 0.4 வரை கூட்டுவார். இது சிறுநீரகத்தைத் தண்ணீரைத் தேக்கிவைக்கச் செய்கிறது. அதனால் மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டை நனைய ஒரு மிடறு போதும். குடித்தால் அந்த நீர் வெளியேறாமல் இரத்த சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. இந்த அறிகுறி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காரைக்குடி வெயிலில் இது எளிதல்ல என்பது தெரியும். பகலிலேயே தாராளமாகக் குடித்துவிட்டு மாலை ஆறு மணியோடு குறைத்துக்கொள்ளுங்கள். இரவு ரசம், மோர், பால், இளநீர் எல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். அப்பளம், வத்தல், ஊறுகாய் உப்பு நடுராத்திரி தாகத்தைக் கிளப்பும். தலைமாட்டில் செம்பு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறியது. மாத்திரை போடும் நாளில் அது அடுக்களையிலேயே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு வந்து வளவில் பத்துப் பேரோடு படுக்கும் இரவுக்கு மட்டும்கூட இதைப் போடலாம். ஆனால் முதல் மாத்திரை அன்றைக்கு வேண்டாம், முன்பே வீட்டில் போட்டுப் பாருங்கள். பந்தியில் பாயசம், சோடா குடித்துவிட்டால் அன்று மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள்.

டெஸ்மோபிரசின் தொடங்கும் முன்பும், தொடங்கிய ஒரு வாரத்துக்குள்ளும், ஒரு மாதத்திலும் இரத்த சோடியத்தைப் பாருங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்களில் போடாதீர்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். மனச்சோர்வு மாத்திரை, வலி மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இதற்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான இமிப்ரமின் விலை குறைவுதான், ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்கும். அதனால் ஈசிஜி பார்த்த பிறகே. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள், அவர்கள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

மூன்று மாதம் ஆனதும் டெஸ்மோபிரசினை ஒரு வாரம் நிறுத்தி, படுக்கை காய்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்தால் மருத்துவரோடு பேசித் தொடரலாம்.