நோ-கோட் செயலியோடு சொந்த நிரலை இணைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் பயிற்சிக்கு வரும் இரண்டு இளைஞர்கள் சென்ற மாதம் தாங்கள் அமைத்த முதல் ஆட்டோமேஷனைக் காட்டினார்கள். வாடிக்கையாளர் பணம் செலுத்தியதும், நிரல் எழுதாமலே வேலைகளைக் கோத்துத் தானாக ஓடவைக்க உதவும் நோ-கோட் செயலியான என்8என் தளத்துக்குச் செய்தி வருகிறது. அது இவர்கள் எழுதிய பைத்தான் நிரலை அழைக்க, நிரல் பில் தயாரித்துக் கூகுள் ஷீட்டில் ஒரு வரியைச் சேர்க்கிறது. நன்றாகவே ஓடியது. "இதே செய்தி இரண்டாம் முறை வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "ஒருமுறை வந்ததுக்கு அப்புறம் மறுபடி ஏன் சார் வரப்போகுது?" என்றார் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நம்பிக்கையோடு இருந்து, அதற்குரிய விலையைச் சொந்தப் பையிலிருந்து கொடுத்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதக்கூடாது, காப்புப் பிரதி வேண்டும் என்பவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு செய்தி ஒரே ஒருமுறைதான் வரும் என்று நம்புவது

வெப்ஹுக் என்பது ஒரு செயலியில் ஏதாவது நிகழ்ந்தவுடன் அது நம் முகவரிக்குத் தானாக அனுப்பும் செய்தி. அனுப்பிய பிறகு அந்தச் செயலி நம் பதிலுக்காகக் காத்திருக்கும். 200 போன்ற, வெற்றியைக் குறிக்கும் நிலை எண்ணோடு பதில் போனால்தான் செய்தி சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக் தன் நிகழ்வுச் செய்திகளுக்கு 3 நொடிக்குள் பதில் எதிர்பார்க்கிறது. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் 10 நொடி தருகிறது. பதில் வராவிட்டால் பெரும்பாலான சேவைகள் அதே செய்தியை மீண்டும் அனுப்பும். பணம் பெறும் சேவையான ஸ்ட்ரைப் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 3 நாள் வரை முயலும். இது பழுதன்று. "குறைந்தது ஒருமுறையாவது சேர்ப்போம்" என்பதுதான் அவர்கள் தரும் உறுதி. "ஒருமுறை மட்டுமே" என்று யாரும் சொல்லவில்லை. அதை நாமாகக் கற்பித்துக்கொள்கிறோம்.

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடைக்காக நான் எழுதிய நிரல் நான்கு வேலைகளை ஒரே மூச்சில் செய்தது: பில்லைப் பிடிஎஃப் ஆக்குவது, ஷீட்டில் வரி சேர்ப்பது, கூரியரில் பதிவு போடுவது, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது. இந்த நான்கும் முடிந்த பிறகுதான் 200 என்று பதில் சொல்லும்படி அமைத்திருந்தேன். சோதனையின்போது எல்லாம் சேர்ந்து நான்கு நொடிக்குள் முடிந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆர்டர்கள் குவிந்தபோது, அந்தச் சிறிய சர்வரில் பிடிஎஃப் வேலைகள் வரிசைகட்டி நின்றதால் ஒவ்வோர் ஆர்டருக்கும் இருபது நொடிக்கு மேல் பிடித்தது. பணம் பெறும் சேவை செய்தி சேரவில்லை என்று கருதி மறுபடி அனுப்பியது. என் நிரலும் சளைக்காமல் நான்கு வேலைகளையும் மறுபடி செய்தது. மறுநாள் மாலை பொட்டலம் கட்டும் அம்மா ஒருவர்தான் முதலில் கவனித்தார்: "ஏன் தம்பி, இவங்க ஒரே சேலையை, அதே கலர்ல, ரெண்டு எடுத்திருக்காங்க?" பார்த்தால் 31 ஆர்டர்கள் இரட்டித்திருந்தன, 12 பொட்டலங்கள் கிளம்பியும் விட்டன.

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது அந்தத் தவறைவிட அதை நான் திருத்திய விதம்தான். "ஆர்டர் எண் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு நாளில் மறுபடியும் இரட்டை. ஒரே செய்தியின் இரண்டு பிரதிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. இரண்டும் ஷீட்டைப் பார்த்தன, இரண்டுக்கும் "இல்லை" என்றே தெரிந்தது, இரண்டும் எழுதின. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது இடைவெளி இருந்தாலும் இந்த நிபந்தனை வெறும் அலங்காரம்தான்.

சரியான முறையில் முதலில் செய்ய வேண்டியது, செய்தி வந்தவுடன் அதை எங்காவது எழுதி வைத்துவிட்டு 200 என்று பதில் சொல்லி அனுப்பிவிடுவது. வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். என்8என்-இல் வெப்ஹுக் நோடின் (செய்தியை வாங்கும் படியின்) 'ரெஸ்பாண்ட்' அமைப்பை 'இம்மீடியட்லி' என்று வைத்தால் இது தானாக நடக்கும். அடுத்தது, செய்தியின் தனி அடையாள எண்ணை, யூனிக் கட்டுப்பாடு உள்ள, அதாவது ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத, ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் முதல் வேலையாக எழுத முயல்வது. எழுத முடிந்தால் தொடரலாம். அந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று டேட்டாபேஸ் மறுத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை இப்படி டேட்டாபேஸிடமே விட்டுவிட்டால் இடைவெளி என்பதே இல்லாமல் போகிறது. ஷீட்டையும், அதோடு சேர்த்து நிரல் எழுதக் கூகுள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டையும் விட மனமில்லாதவர்கள், ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் அனுமதிக்கும் அதன் லாக்சர்வீஸ் கொண்டு பூட்டிவிட்டு, பார்த்து, எழுதி, பிறகு பூட்டைத் திறக்க வேண்டும்.

எந்த எண்ணை அடையாளமாகக் கொள்வது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கைப்பேசி எண்ணையும் தொகையையும் சேர்த்து அடையாளமாக்கினால், அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே விலையில் இரண்டு முறை வாங்கும் நல்ல வாடிக்கையாளரின் இரண்டாவது ஆர்டர் சத்தமின்றிக் காணாமல் போகும். ஆர்டர் எண்ணை மட்டும் கொண்டால், அதே ஆர்டருக்குப் பின்னால் வரும் பணம் திருப்பிய செய்தி தடுக்கப்படும். அனுப்பும் சேவை ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண் தருகிறது. செய்தியின் உடலிலோ, அதோடு தனியே வரும் குறிப்புகளான ஹெட்டரிலோ அது இருக்கும். அதையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு ஓட்டை மிஞ்சும். பில் தயாராகிக் கூரியர் பதிவில் தடுக்கி விழுந்த ஓட்டத்தை, நாமே 'ரீட்ரை' பொத்தானை அழுத்தி மீண்டும் ஓட்டும்போது பில் இரண்டாம் முறை உருவாகக்கூடும். ஆகவே ஒவ்வொரு படியும் முடிந்ததா என்பதைத் தனித்தனியே குறித்துவைக்க வேண்டும். "டூப்ளிகேட் வந்தால் ஷீட்டில் அப்புறம் நீக்கிக்கொள்ளலாம்" என்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: வண்டியேறிய பொட்டலத்தை எந்தப் பொத்தானால் நீக்குவீர்கள்?

200 வந்தால் வேலை முடிந்தது என்று கொள்வது

மேலே சொன்னதற்கு இது மறுதிசை. ஆப்ஸ் ஸ்கிரிப்டை வெப் ஆப் ஆக, அதாவது இணைய முகவரி மூலம் அழைக்கக்கூடியதாக, வெளியிட்டு அழைப்பவர்கள் அறிய வேண்டியது, அதில் பதிலின் நிலை எண்ணை நாம் மாற்ற முடியாது என்பது. உங்கள் நிரல் "பிழை" என்று எழுதி அனுப்பினாலும் அழைத்த ஜேப்பியர், மேக் போன்ற நோ-கோட் செயலி 200-ஐப் பார்த்துப் பச்சை விளக்கைப் போட்டுவிடும். பதிலின் உடலில் வெற்றியா தோல்வியா என்று ஒரு புலம் வைத்து, அடுத்த படியில் அதைப் படித்துப் பிரித்தே ஆக வேண்டும்.

கையொப்பத்தைச் சரிபார்க்காமல் விடுவது

உங்கள் வெப்ஹுக் முகவரி தெரிந்த எவரும் "பணம் வந்துவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்பலாம். இதைத் தடுக்கவே பணம் பெறும் சேவைகள் செய்தியோடு ஒரு கையொப்பத்தை, பெரும்பாலும் ஹெட்டரில், அனுப்புகின்றன. அந்தக் கையொப்பம், சேவைக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு செய்தியின்மீது கணக்கிடப்படுவது; நாமும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். வந்த செய்தியை ஜேசனாக (தரவுகளை எழுதும் ஒரு வடிவமாக) பிரித்து, மறுபடி சேர்த்து அதன்மீது கணக்கிட்டால், ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. வந்த வடிவத்திலேயே, ஓர் எழுத்தும் மாறாமல், கணக்கிட வேண்டும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் வரும் செய்தியை வாங்கும் செயற்கூறான டூபோஸ்டால் ஹெட்டரைப் படிக்கவே முடியாது என்பதால் இந்தச் சோதனையை அதற்கு முன்னால் உள்ள படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேர மண்டலம்

சொந்தச் சர்வரில் நிறுவும் என்8என், நாம் மாற்றாதவரை நியூயார்க் நேரத்தையே கொள்ளும். காலை 9 மணிக்கு என்று நான் வைத்த அறிக்கை மாலை 6.30-க்கு வந்தது. மண்டலத்தை மாற்றாமல், அமைத்த நேரத்திலிருந்து ஒன்பதரை மணி நேரத்தைக் குறைத்து ஒப்பேற்றியும் வைத்தேன். நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றியபோது அது ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று.

சோதனை முகவரியையே கொடுத்துவிடுவது

என்8என்-இல் சோதனைக்கு ஒரு முகவரி, நேரடி ஓட்டத்துக்கு வேறொன்று. முதலாவது நீங்கள் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும்போது மட்டுமே கேட்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டிலும் திருத்தத்தைச் சேமித்தால் மட்டும் போதாது. புதிய பதிப்பாக வெளியிடாதவரை பழைய நிரலே ஓடும்.

முதல் பக்கத்தோடு நின்றுவிடுவது

அட்டவணைகளாகத் தரவைச் சேமிக்கும் ஏர்டேபிள் ஒரு முறைக்கு 100 பதிவுகளுக்கு மேல் தராது. ஒரு பேஸுக்கு (அதாவது அதிலுள்ள ஒரு தரவுத் தொகுப்புக்கு) நொடிக்கு 5 அழைப்புதான், மீறினால் 429 என்று மறுத்து 30 நொடி காக்க வைக்கும். சிறிய பட்டியலில் சோதிப்பவர்களுக்கு இரண்டுமே தெரிவதில்லை.

நெடுவரிசையின் பெயரை நம்புவது

ஏர்டேபிள் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தரும் மாறாத அடையாளமான ஃபீல்ட் ஐடியைப் பயன்படுத்துங்கள். பெயரை யாராவது மாற்றுவார்கள்.

பைசா

பணம் பெறும் சேவை தொகையைப் பைசாவில் அனுப்பினால், 49900 என்று வருவது 499 ரூபாய்.

பிழை அறிவிப்பு யாருக்குப் போகிறது என்று பாராமல் இருப்பது

ஓர் ஆட்டோமேஷன் மூன்று வாரமாக ஓடவில்லை என்று அழைத்தார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் அறிவிப்பு ஒழுங்காகவே போயிருந்தது, வேலையை விட்டுச் சென்றுவிட்ட ஒருவரின் மின்னஞ்சலுக்கு.