ஏலகிரியில் விடுதி எடுத்து, பருவம் அறிந்து வெளியில் பொழுதைக் கழிப்பது எப்படி

ஏலகிரிக்குச் செல்பவர்களில் பலர் முதலில் அறையைப் பதிவு செய்துவிட்டு, மலைக்கு வந்து சேர்ந்த பிறகே அங்கு என்ன செய்யலாம் என்று வரவேற்பறையில் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் முகடுகள் சூழ்ந்திருக்க நடுவே வயல்களும் ஏரிகளும் 14 சிற்றூர்களும் அமைந்த கிண்ணம் போன்ற நிலம் இது. மார்கழியில் அருவியைத் தேடி வந்தாலாவது ஓரளவு நீர் கிடைக்கும். சித்திரையில் தேடினால் பாறைதான் இருக்கும். ஆகவே எந்த மாதம், அந்த மாதத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகு அறையைத் தேடுங்கள்.

வேலூரிலிருந்து வருபவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர் சாலையைப் பிடித்துப் பொன்னேரியில் திரும்ப வேண்டும். ரயிலில் வருபவர்களுக்கு ஜோலார்பேட்டை சந்திப்பு அருகில் உள்ளது. மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வண்டி பழுதாகி நின்றால், எந்த வளைவில் நிற்கிறோம் என்று கீழே உள்ள மெக்கானிக்கிடம் சொல்வதற்கு இந்தப் பெயர்கள் உதவும். ஏறும்போது குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியவர்களால்தான் பின்னால் வருகிறவர்களின் கைப்பைகள் பறிபோகின்றன.

பழைய வடாற்காட்டுக்காரர்கள் இன்றும் இதை வேலூர் மாவட்டத்து மலை என்றே சொல்வார்கள். 2019ஆம் ஆண்டு முதல் இது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதால், மலையேற்றத்துக்கு வனத்துறையின் அனுமதி பற்றி அறியத் திருப்பத்தூர் வன அலுவலகத்தையே அணுக வேண்டும்.

அறையைப் பொறுத்தவரை, நீங்கள் செய்யப் போகும் வேலைக்கு அருகில் எடுப்பதே சிறந்தது. பேருந்து, கடை, உணவகம் எல்லாம் பக்கத்தில் வேண்டும் என்றால் அத்தனாவூரிலும், சந்தடி வேண்டாம், நடந்தால் போதும் என்றால் நிலாவூர்ப் பக்கத்திலும் தேடலாம். நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, காலை ஐந்தரை மணிக்குத் தேநீர் கிடைக்குமா, கட்டுச்சோறு கட்டித் தருவார்களா, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். எட்டரை மணிக்குத்தான் சமையலறை திறக்கும் என்ற விடுதியில் தங்கினால், மலையின் நல்ல நேரம் அறைக்குள்ளேயே கழிந்துவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கூட்டம் வருவது சனி, ஞாயிறுகளில்தான் என்பதால், வார நாட்களில் வர முடிந்தவர்களுக்கு வாடகையும் குறையும், பாதையும் காலியாக இருக்கும்.

நடப்பதற்கு ஏற்ற காலம் மார்கழி முதல் மாசி வரை. மங்கலம் கிராமத்திலிருந்து தொடங்கும் பாதை, ஏறத்தாழ 1,300 மீட்டருக்குமேல் உயர்ந்த சுவாமிமலை உச்சிக்குச் செல்கிறது. விடியும் முன்பே கிளம்பி, கையில் டார்ச் விளக்கும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டால், வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். பாதையின் மேல் பகுதியில் கற்கள் பெயர்ந்து கிடப்பதால், செருப்போடு ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, தமிழகத்தில் மலையேற்றம் முறைப்படுத்தப்பட்டிருக்கிறது. வறண்ட மாதங்களில் பாதைகளை மூடுவதும் உண்டு. எனவே மாசிக்குப் பின் வருவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

இதே குளிர்காலத்தில் ஓர் இரவை விண்மீன்களுக்காக ஒதுக்குங்கள். மலையிலிருந்து இறங்கி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைக்குச் சென்றால், காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்குள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகில், சுமார் 12.5 பாகை வட அட்சத்தில் அமைந்திருப்பதால், அங்கிருந்து வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் காண முடியும். பார்வையாளர்களுக்கான நாள் வழக்கமாகச் சனிக்கிழமை. மேகம் சூழ்ந்தால் எதுவும் தெரியாது என்பதால், கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலவு முழுதாக இருக்கும் வாரத்தைத் தவிர்த்துவிட்டால், விடுதி முற்றத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெறுங்கண்ணால் பார்ப்பதற்கே வானம் நிறையத் தரும். விடுதிக்காரரிடம் சொல்லி வெளிவிளக்குகளை மட்டும் அணைக்கச் செய்ய வேண்டும்.

கோடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலூரில் அக்னி நட்சத்திரம் வாட்டும்போது மலை இதமாக இருக்கும் என்பது உண்மை. ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வருபவர்கள்தான் ஏமாறுவார்கள். காலை ஒன்பது வரையிலும் மாலை நான்குக்குப் பிறகும் வெளியில் இருந்துகொண்டு, புங்கனூர் ஏரியில் படகு ஓட்டலாம். சாலையோரத்தில் பலாப்பழம் வாங்கிச் சுளைகளை அங்கேயே தின்னலாம்.

ஆடி, ஆவணியில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி மழை திரளும். காலை நேரம் மிதிவண்டிக்கு ஏற்றது. மலைமேல் ஊர்களை இணைக்கும் சாலைகள் மலைச்சாலையைப் போல் செங்குத்தானவை அல்ல என்பதால், ஓரளவு பழகியவர்கள் அத்தனாவூரிலிருந்து நிலாவூர் வரை சிரமமின்றிச் சென்று வரலாம். மதியத்துக்கு மேல் கருமேகம் தெரிந்தால் உச்சிப் பாதையில் இருக்கக் கூடாது. தனித்து நிற்கும் மரத்தடியில் ஒதுங்குவதும் தவறு.

அருவியின் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். ஜலகாம்பாறைக்குத் திருப்பத்தூரிலிருந்து சாலை வழியாகவும் செல்லலாம். நிலாவூர்ப் பக்கத்திலிருந்து காட்டு வழியாக இறங்கியும் செல்லலாம். இரண்டாவது வழியை விரும்புபவர்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு, அனுமதியோடு மட்டுமே இறங்க வேண்டும். மழையில் பாறைகள் வழுக்கும். இறங்கிய அதே சரிவைக் களைத்த காலோடு மீண்டும் ஏற வேண்டும் என்பதை இறங்கும் உற்சாகத்தில் மறந்துவிடுகிறோம். அதற்கு மனமில்லையெனில், வண்டியை முன்பே அருவியடிவாரத்துக்கு அனுப்பிவைத்து, அங்கிருந்து சாலை வழியாகவே விடுதிக்குத் திரும்பிவிடலாம். மேற்பகுதியில் பலத்த மழை பெய்த நாளில் நீர் திடீரெனப் பெருகும். தெளிவாக விழுந்த நீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், குளிப்பதை அந்தக் கணமே நிறுத்திவிட்டுக் கரையேறுங்கள்.