புதுச்சேரி டு பாரீஸ்: தூரமும் நேரமும் கணக்குப் போடும் முறை

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டையிலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. அதனால் கணக்கைச் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் தூரம். தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை என்பதால் விடை தப்பும். பிள்ளைகளின் பள்ளி குளோபை எடுத்து, சென்னைக்கும் பாரீசுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். குளோபின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.; ஆக 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. நூல் 19 செ.மீ. வரும், பெருக்கினால் 8,075. உண்மையான தூரம் 8,020 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. நூலுக்கு இது போதும்!

அடுத்து பறக்கும் நேரம். தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி சேர்த்தால் 10 மணி நேரம். மேலடுக்கில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. அதனால் வரும் பயணம் பெரும்பாலும் அரை மணியாவது குறையும்.

துபாய் வழியாகப் போனால் தூரம் கூடிவிடும் என்று நினைப்பது தவறு. 2,930-ம் 5,240-ம் சேர்ந்து 8,170 கி.மீ.; கூடுதல் வெறும் 150. நேரத்தை விழுங்குவது அங்கே காத்திருப்பதுதான். மலிவு டிக்கெட்டில் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால், முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்தது போய்விடும்.

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பாரீஸ் நம்மைவிட மூன்றரை மணி பின்னால். மற்ற மாதங்களில் நாலரை. கோடையில் சனி அதிகாலை 1.30-க்குக் கிளம்பி அங்கே காலை 8.00-க்கு இறங்கினால், ஆறரை மணிப் பயணம் இல்லை. 8.00-உடன் மூன்றரையைக் கூட்டுங்கள்: நம்மூர் மணி 11.30, அதாவது 10 மணி நேரம்.

பலர் சறுக்குவது இந்த 1.30-இல்தான். சனிக்கிழமை டிக்கெட் என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது வெள்ளி மாலை. சனி இரவு பெட்டியோடு போய் நின்றவர்களும் உண்டு.

இரவு 10.30-க்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திண்டிவனம் வழியே ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் ஊருக்குள் நுழையாமல் நேரே வாசலிலேயே இறங்கலாம். ஈ.சி.ஆர். அழகுதான், ஆனால் கடைசியில் நகர நெரிசலில் மாட்டும். சாதாரண நாளில் மூன்று மணி நேரம். ஒரு மணி கூடுதலாக வைத்து 6.30-க்குப் புறப்படுங்கள். ஞாயிறு மாலை என்றால் பரனூர் டோல்கேட்டை நினைத்து இன்னும் ஒரு மணி முன்னால்.

இறங்கியதும் இமிக்ரேஷன், பெட்டி, ஊருக்குள் போகும் ஆர்.இ.ஆர். பி ரயில் என இரண்டு மணி நேரம் வையுங்கள். வீட்டு வாசலிலிருந்து மொத்தம் 19 மணி நேரம். அழைத்துப்போக வரும் உறவினரிடம் இறங்கும் நேரத்தை பாரீஸ் கணக்கிலேயே சொல்லுங்கள்.