அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? வேலூர் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கணக்கு

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வேலூர் வீடுகளில் நீட், ஜேஇஇ, விஐடி நுழைவுத் தேர்வு என்று ஓடும் பேச்சில் இப்போது அமெரிக்காவும் சேர்ந்துவிட்டது. கான்வென்டில் படித்த பிள்ளைகள் நோட்டர் டேம், ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ் என்று அங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். 2025 மே மாதம் திருத்தந்தையான பதினான்காம் லியோ, அதே வகையைச் சேர்ந்த வில்லனோவா பல்கலைக்கழகத்தில் 1977-ல் கணிதப் பட்டம் வாங்கியவர். அதனால் கோயில் பங்குகளில் அந்தப் பெயரும் காதில் விழுகிறது.

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்க பொண்ணுக்குக் கிடைக்குமா சார்?"

மதிப்பெண்ணைப் போட்டால் சதவீதம் சொல்லும் இணையக் கருவிகளை நான் நம்புவதில்லை. நம் மாநிலப் பாடத்திட்டம் அவற்றுக்குத் தெரியாது, நம் வீட்டு வருமானமும் தெரியாது. கையில் ஒரு நோட்டும் ஒரு மாலை நேரமும் இருந்தால், அவற்றைவிட நல்ல கணக்கை நீங்களே போடலாம்.

படி 1: பணத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் மதிப்பெண்ணில் தொடங்கிப் பணத்தில் முடிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மேலே சொன்ன இடங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் ஆகும். நம் பணத்தில் எழுபது லட்சத்தைத் தாண்டும். அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு.

முழுவதும் கட்ட முடிகிற குடும்பம் நேராக அடுத்த படிக்குப் போகலாம். உதவித்தொகை வேண்டும் என்றால் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், அந்தக் கேட்பே தேர்வைப் பாதிக்குமா? பல பல்கலைக்கழகங்களில் பாதிக்கும். நோட்டர் டேம் 2024-ல் தன் விதியை மாற்றியது. வெளிநாட்டவர் உட்பட யாரையும் வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்போம், தேவைப்படும் உதவியைக் கடனாக அல்லாமல் தருவோம் என்று அறிவித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி. அதே ஆண்டிலிருந்து போட்டியும் கூடும் என்பதைச் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காமன் டேட்டா செட் எடுங்கள்

காமன் டேட்டா செட் என்பது சேர்க்கை, உதவித்தொகை விவரங்களைப் பல்கலைக்கழகமே ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடும் படிவம். பல்கலைக்கழகத்தின் பெயரோடு காமன் டேட்டா செட் என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் ஒரு பிடிஎஃப் வரும். நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நமக்கு நான்கே இடங்கள் போதும்.

சி-1: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள் என்ற கணக்கு. அண்மை ஆண்டுப் படிவங்களில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டமும் உண்டு. சிலர் நிரப்புகிறார்கள், சிலர் வெற்றாக விட்டுவிடுகிறார்கள்.

சி-7: எதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்ற அட்டவணை. பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், குணம், முன்னாள் மாணவர் உறவு, மதச் சார்பு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிப்பதில்லை" என நான்கில் ஒன்றில் குறி இருக்கும்.

சி-9: சேர்ந்த மாணவர்கள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் வாங்கிய மதிப்பெண் வரம்பு.

எச்-6: வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு என்ற விவரம். உதவி தேவைப்படும் குடும்பம் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுதான். அங்கே எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும்படி இருந்தால், பிள்ளை எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

இப்போது கணக்கு. ஒரு பேச்சுக்கு, 30,000 பேர் விண்ணப்பித்து 3,600 பேருக்கு இடம் என்றால் 12 சதவீதம். விளம்பரத்தில் வருவது இந்த எண். அதற்குள் வெளிநாட்டார் 5,000 பேர், இடம் பெற்றவர் 250 பேர் என்றால் 5 சதவீதம்தான். உங்கள் பிள்ளை நிற்கிற வரிசை இரண்டாவது. நோட்டில் 5-ஐ எழுதுங்கள், 12-ஐ மறந்துவிடுங்கள்.

படி 3: பள்ளி ஆவணம்

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்ணையும் கேட்பார்கள். நம்மிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு மதிப்பெண் எங்கே இருக்கிறது? பள்ளி அலுவலகத்தில், பைண்டு போட்ட மதிப்பெண் பதிவேட்டில். பிளஸ் ஒன்னுக்கும் 2025-26 முதல் பொதுத்தேர்வு கிடையாது, அதையும் பள்ளிதான் எழுதித் தர வேண்டும். நான்கு ஆண்டையும் ஒரே தாளில், பள்ளியின் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து, ஹெச்.எம். கையெழுத்தும் வட்ட முத்திரையும் வாங்குங்கள். ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு மொத்தம் 500, பதினொன்று, பன்னிரண்டுக்கு 600 என்பதைத் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 481-க்குப் பக்கத்தில் 561-ஐப் பார்ப்பவர் குழம்பிவிடுவார்.

மதிப்பெண்ணை நீங்களாகவே ஜிபிஏ-வாக (அமெரிக்க முறைத் தரப்புள்ளிச் சராசரி) மாற்ற வேண்டாம். பள்ளி எப்படிக் கொடுத்ததோ அப்படியே போடுங்கள், மாற்றிப் படிக்க அங்கே ஆள் இருக்கிறது. ரேங்க் கேட்கும் கட்டமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2017-லிருந்து மாநில ரேங்க் அறிவிப்பு இல்லை. பள்ளி ரேங்க் தருவதில்லை என்றால் தருவதில்லை என்றே குறியுங்கள்.

அப்புறம் காலண்டர் சிக்கல். முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றுக்குக் கடைசி நாள் பொதுவாக நவம்பர் 1. அப்போது கையில் இருப்பது காலாண்டுத் தேர்வு மதிப்பெண் மட்டும். ஜனவரி தொடக்கச் சுற்றுக்கு அரையாண்டும் சேரும். முடிவு மார்ச் மாதக் கடைசிக்குள் வந்துவிடும், நம் பொதுத்தேர்வு முடிவோ மே மாதம். ஆக, பிளஸ் டூவில் 590 வாங்கப்போகிற பிள்ளையையும் அவர்கள் காலாண்டில் வாங்கிய 530-ஐ வைத்துத்தான் எடைபோடுவார்கள். பல பள்ளிகளில் காலாண்டுத் தாளை வேண்டுமென்றே இறுக்கித் திருத்துவார்கள், அப்போதுதான் பிள்ளைகள் பயந்து படிப்பார்களாம். அந்தப் பழக்கம் உங்கள் பள்ளியிலும் இருந்தால், ஹெச்.எம். தன் கடிதத்தில் அதை ஒரு வரி எழுத வேண்டும். வகுப்பில் அதிகபட்ச மதிப்பெண் எவ்வளவு என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கவனம் வேண்டும். "ஒழுக்கமானவர், நற்குணம் உடையவர்" என்பது நன்னடத்தைச் சான்றிதழ் நடை. அங்கே அதற்கு மதிப்பில்லை. இயற்பியல் ஆசிரியர் இப்படி எழுதலாம்: ஆய்வகத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையைக் கழிக்காமல் வகுப்பே ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்தபோது, இவள் ஒருத்திதான் எழுந்து "சார், விடை எல்லாருக்கும் ஒரே அளவு தப்பா வருதே" என்றாள். இந்த ஒரு வரி பத்துப் பாராட்டுக்குச் சமம். ஆசிரியரிடம் இப்படிப்பட்ட சம்பவங்களைப் பிள்ளையே நினைவுபடுத்தலாம், தப்பில்லை.

படி 4: எஸ்ஏடி

சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 1600. இந்த வகைப் பல்கலைக்கழகங்களில் சி-9 வரம்பின் கீழ் எல்லையே 1400 வாக்கில் இருக்கும். பிள்ளையின் மதிப்பெண் வரம்பின் நடுவுக்கு மேலே என்றால் ஒரு கூட்டல் குறி, கீழே என்றால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். ஜார்ஜ்டவுன் எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வைக் கட்டாயம் கேட்கிறது, எத்தனை முறை எழுதினாலும் எல்லா மதிப்பெண்ணையும் அனுப்பச் சொல்கிறது. விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று சொல்லும் இடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அனுப்புகிறார்கள், அதனால் வரம்பு உயர்ந்து தெரியும்.

படி 5: ஃபாதர் கடிதம் உதவுமா?

வேலூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, காரணம் சிஎம்சி மருத்துவக் கல்லூரி. அங்கே திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் ஸ்பான்சர் செய்யும் இடங்கள் உண்டு என்று கேட்டே வளர்ந்த ஊர் இது. அதே நினைப்பில் மறைமாவட்ட அலுவலகத்துக்கும் பங்குத்தந்தை வீட்டுக்கும் நடக்கிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு ஸ்பான்சர் முறை கிடையாது. ஞானஸ்நானச் சான்றிதழை இணைப்பதால் வரிசை நகராது.

சமயத்துக்கு எடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. சி-7-ல் மதச் சார்பு என்ற வரியைப் பாருங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். நோட்டர் டேமில் இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். ஜார்ஜ்டவுன் வேறு மாதிரி. 1999-லேயே முழுநேர இமாம் ஒருவரைப் பணியில் வைத்த பல்கலைக்கழகம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளிலிருந்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்து, முஸ்லிம் பிள்ளைகள் தயங்க வேண்டாம். ஆனால் எந்த மதமானாலும் இறையியல் பாடம் படித்தாக வேண்டும், அதைக் கட்டாயப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் எடை உள்ளது வேறொன்று. இயேசு சபையின் தலைவராக இருந்த பெத்ரோ அருப்பே 1973-ல், தங்கள் கல்வி பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்க வேண்டும் என்றார். அந்தச் சபையின் ஜார்ஜ்டவுனும் பாஸ்டன் காலேஜும் இன்றுவரை அதையே சொல்லி வருகின்றன. கட்டுரைக் கேள்விகளும் அந்தத் திசையில்தான் வரும். ஞாயிறு மறைக்கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையோடு வீடு வீடாகப் போனது, தம்பியைப் பார்த்துக்கொண்டே படித்தது, எல்லாம் எழுதலாம். ஒருநாள் முதியோர் இல்லத்தில் பிஸ்கட் கொடுத்து எடுத்த போட்டோ மட்டும் வேண்டாம், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பங்குத்தந்தை பல ஆண்டுகளாகப் பிள்ளையின் வேலையை நேரில் பார்த்தவர் என்றால், கூடுதல் பரிந்துரையாக அவர் எழுதலாம். தெரியாதவர் எழுதும் மூன்று வரி வீண்.

படி 6: எந்தச் சுற்று?

கிடைத்தால் கண்டிப்பாகச் சேருவேன் என்று கையெழுத்துப் போடும் சுற்று பாஸ்டன் காலேஜிலும் வில்லனோவாவிலும் உண்டு. அதில் சதவீதம் கவர்ச்சியாகத் தெரியும். விளையாட்டு வீரர்கள் பலர் அந்தச் சுற்றில் வருவதால் அது உங்களுக்கான சதவீதம் இல்லை. உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நோட்டர் டேம், ஜார்ஜ்டவுனின் முன்சுற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்தச் சுற்றில் போட்டால், வேறு இடத்தில் கட்டாயச் சுற்றில் போடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

ஒரு இடைச்செருகல்: ஜார்ஜ்டவுனில் மருத்துவப் பள்ளி இருக்கிறதே, நீட் எழுதாமல் டாக்டராகிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிளஸ் டூ முடித்து நேராக அங்கே மருத்துவம் சேர முடியாது. நான்கு ஆண்டுப் பட்டம் முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அதற்குப் பிறகுதான். நர்சிங் மட்டும் இளநிலையிலேயே உண்டு.

படி 7: போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை மாணவி, செல்வி என்று வையுங்கள். காட்பாடி, அரசு உதவிபெறும் பள்ளி. பத்தாம் வகுப்பு 481, பிளஸ் ஒன் 561, காலாண்டு 538, எஸ்ஏடி 1460. அப்பா ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தெருவில் உள்ள கிணறுகளிலும் போர்வெல்களிலும் டிடிஎஸ் மீட்டரை விட்டு, இரண்டு ஆண்டாக மாதாமாதம் தண்ணீரின் உப்பளவை நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்குச் சோறு போடும் தொழில்தான் பாலாற்றுத் தண்ணீரைக் கெடுத்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

நோட்டர் டேம்: பணம் தடையில்லை. எஸ்ஏடி வரம்பின் கீழ்ப்பாதி, கழித்தல். அந்தக் கிணற்று நோட்டு, பெரிய கூட்டல். என் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழு. போடலாம், முன்சுற்றிலேயே போடலாம். பாஸ்டன் காலேஜ், வில்லனோவா: எச்-6 பார்த்துவிட்டு முடிவு, அதுவும் ஜனவரிச் சுற்றில் மட்டும். ஜார்ஜ்டவுனும் அதேபோல் எச்-6-ஐப் பொறுத்ததுதான். இந்தியாவில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் இரண்டுக்கும் மே மாதம் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். அவள் இப்போதைய வேகத்தில் போனால் அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது, இந்த வரி பட்டியலில் கட்டாயம் வேண்டும்.

செல்வி செய்ய வேண்டிய முதல் வேலை, காலாண்டு விடுமுறை தொடங்கும் முன் ஹெச்.எம்.மைப் பார்ப்பது. விடுமுறையில் பதிவேட்டை எடுத்துக் கொடுக்கவும் முத்திரை போடவும் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள், பள்ளி திறந்து கேட்டால் நவம்பர் 1 கழுத்தைப் பிடிக்கும்.